பிர் ஹக்கீமில் நின்றவர்கள் யார்? முதலாம் சுதந்திர பிரெஞ்சு டிவிஷன் பற்றி ஒரு நீண்ட இழை

கேள்வி, 2 ஜூன் 2025

1940-ல் ஆறே வாரத்தில் மண்டியிட்ட ராணுவம் பிரெஞ்சு ராணுவம். 1944-ல் அமெரிக்கர்களுக்குப் பின்னால் வந்து கொடி ஏற்றினார்கள். நடுவில் இருந்த நான்கு வருடத்தில் உருப்படியாகச் சண்டை போட்ட ஒரு பிரெஞ்சுக் காலாட்படை டிவிஷனைக் காட்டுங்கள் பார்க்கலாம்.

2 ஜூன், இரவு

காட்டுகிறேன். முதலாம் சுதந்திர பிரெஞ்சு டிவிஷன். எரித்திரியா, சிரியா, லிபியா, எகிப்து, துனிசியா, இத்தாலி, பிறகு பிரான்ஸ். இத்தனை இடத்தில் சண்டை போட்டுவிட்டு 1945 ஆகஸ்டில் கலைக்கப்பட்டது. லிபியப் பாலைவனத்தில் பிர் ஹக்கீம் என்ற இடத்தில் இந்த டிவிஷன் 1942 மே 26 தொடங்கி ஜூன் 11 விடியும்வரை ஜெர்மன் தளபதி ரொம்மலைத் தடுத்து நிறுத்தியது. மீதியை நாளை எழுதுகிறேன்.

3 ஜூன்

நேற்று எழுதியதில் ஒரு பிழை. வேலை முடிந்து வரும்போது பாரிஸில் பிர் ஹக்கீம் பாலத்தைக் கடந்தேன், அங்குள்ள கல்வெட்டை நின்று படித்தேன். அதில் 'பிரிகேட்' என்றுதான் இருக்கிறது, டிவிஷன் என்று இல்லை. அதுதான் சரி. 1942 மே மாதத்தில் அந்த டிவிஷனே கிடையாது. பிர் ஹக்கீமில் நின்றது கேனிக் தலைமையிலான முதலாம் சுதந்திர பிரெஞ்சு பிரிகேட், சுமார் 3,700 பேர். ஒரு டிவிஷனில் நான்கில் ஒரு பங்குகூடத் தேறாது.

ஆறாம் எண் மெட்ரோவில் ஈபிள் கோபுரத்துக்கு இறங்குகிறவர்கள் இந்தப் பெயரைத் தாண்டித்தான் போகிறார்கள். அந்த ஸ்டேஷனின் பழைய பெயர் கிரெனெல், 1949-ல் மாற்றினார்கள். எட்டு வருடம் அந்த வழியாகப் போய்வந்த பிறகுதான் அது ஒரு கிணற்றின் பெயர் என்று எனக்குத் தெரிந்தது. 'பிர்' என்றால் அரபியில் கிணறு. கிணறு என்று பெயர்தான், தண்ணீர் கிடையாது. பாழடைந்த ஒரு பழைய கோட்டை, வற்றிய தொட்டிகள், சுற்றிலும் சமவெளி.

3 ஜூன், பின்னிரவு

முதலில் டிவிஷன் எப்படிப் பிறந்தது என்று சொல்ல வேண்டும். அது கொஞ்சம் கசப்பான கதை.

1940 ஜூன் 18 அன்று ஜெனரல் தெ கோல் லண்டன் வானொலியில் போரைத் தொடர அழைத்தபோது கையில் படை என்று எதுவும் இல்லை. நார்வேயின் நார்விக்கில் சண்டை போட்டுவிட்டு இங்கிலாந்து வந்து சேர்ந்திருந்த லெஜியன், அதாவது வெளிநாட்டவர் படையின் 13-ஆம் அரை பிரிகேட், அங்கேயே இரண்டாகப் பிரிந்தது. சுமார் 900 பேர் தெ கோலுடன் தங்கினார்கள். அவர்களில் பலர் தோற்றுப்போன ஸ்பெயின் குடியரசின் வீரர்கள். ஹிட்லரிடமிருந்து தப்பி வந்தவர்களும் இருந்தார்கள். ஆகஸ்டு முதல் சாட், கேமரூன், காங்கோ, உபாங்கி-ஷாரி, தாஹித்தி, நியூ கலிடோனியா என்று காலனிகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. எங்கள் புதுச்சேரியும் அந்த செப்டம்பரில் கவர்னர் போன்வேன் தலைமையில் அந்தப் பக்கம் நின்றது.

1941 வசந்தத்தில் எரித்திரியாவில் இத்தாலியர்களோடு கெரென், மசாவா சண்டைகள். பிறகு பாலஸ்தீனத்தில் மே மாதம் லெஜான்தியோம் கீழ் முதல் டிவிஷனைக் கூட்டினார்கள். அந்த டிவிஷனின் முதல் போர் யாருடன்? பிரெஞ்சுக்காரர்களுடன். ஜூன் 8 அன்று ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரெஞ்சு அரசான விஷி அரசின் கையில் இருந்த சிரியாவுக்குள் பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, இந்தியப் படைகளோடு நுழைந்தார்கள். எதிரில் நின்ற விஷித் தளபதி தான்ஸின் படையிலும் ஒரு லெஜியன் ரெஜிமென்ட். ஜூன் 21 அன்று தமாஸ்கஸ் விழுந்தது, ஜூலை 14 அன்று போர் நிறுத்தம். தோற்றவர்களிடம் எங்களோடு வருகிறீர்களா என்று கேட்டார்கள். முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோரில் வந்தவர்கள் சுமார் 5,700 பேர். மற்றவர்கள் கப்பலேறி விஷி பிரான்சுக்குப் போய்விட்டார்கள். அடுத்த மாதமே டிவிஷனைக் கலைத்துத் தனித்தனி பிரிகேடாக்கினார்கள்.

கேட்டவர் 'பிரெஞ்சு ராணுவம்' என்று ஒன்றை மனதில் வைத்துக் கேட்கிறார். 1941-ல் இரண்டு இருந்தன. பெரியது இந்தப் பக்கம் இல்லை.

5 ஜூன்

'3,700 பேரில் உண்மையான பிரெஞ்சுக்காரர் எத்தனை' என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். 'உண்மையான' என்ற சொல் என்னைத் தைத்தது, இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

யார் யார் நின்றார்கள் என்று சொல்லிவிடுகிறேன். லெஜியனின் இரண்டு பட்டாலியன்கள். இன்றைய மத்திய ஆப்பிரிக்கக் குடியரசின் பாங்கியில் திரட்டப்பட்ட இரண்டாம் அணிவகுப்பு பட்டாலியன். தாஹித்தி, நியூ கலிடோனியா ஆட்கள் இருந்த பசிபிக் பட்டாலியன். கடற்படைக் காலாட்கள். போஃபர்ஸ் விமான எதிர்ப்புப் பீரங்கிகளை இயக்கிய கடற்படைத் துப்பாக்கி வீரர்கள். போஃபர்ஸ் என்றால் நம் ஊரில் வேறு நினைவு வரும். அந்த நிறுவனத்தின் 40 மில்லிமீட்டர் பீரங்கிதான் அங்கே வானத்தைக் காத்தது. பிறகு வட ஆப்பிரிக்கக் கம்பெனி ஒன்று, லோரான்-ஷாம்புரோஸேயின் 75 மில்லிமீட்டர் பீரங்கிப்படை. ஐரோப்பிய பிரான்சில் பிறந்து அங்கிருந்தே கிளம்பி வந்தவர்களும் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. பின்னாளில் பிரதமரான பியேர் மெஸ்மர் லெஜியனில் கேப்டன். 1940-ல் தன் நண்பருடன் சேர்ந்து ஒரு சரக்குக் கப்பலையே மடக்கி இங்கிலாந்துக்கு ஓட்டிப்போனவர்.

சண்டையின் போக்கு இப்படி. மே 27 காலை இத்தாலியின் அரியெத்தே டிவிஷன் டாங்கிகளோடு நேராக மோதியது. கண்ணிவெடி வயலிலும் பீரங்கிக்கும் முப்பதுக்கு மேற்பட்ட டாங்கிகளை இழந்து திரும்பியது. ஜூன் 2-ஆம் தேதி முதல் சரணடையும்படி ரொம்மல் தூது அனுப்பினார், கேனிக் மறுத்தார். அதற்குப் பிறகு ஸ்டூக்கா விமானங்கள், நாளெல்லாம் குண்டுமழை. ஜூன் 9 அன்று பசிபிக் பட்டாலியனின் தளபதி பிரோஷ் இறந்தார். தண்ணீர் தீர்ந்தது, குண்டும் தீர்ந்துகொண்டிருந்தது. ஜூன் 10 இரவு கண்ணிவெடி வயலில் ஒரு குறுகிய பாதையைத் திறந்து, துப்பாக்கிச் சூட்டுக்குள்ளேயே வெளியேறினார்கள். சுமார் 2,600 பேர் பிரிட்டிஷ் வரிசையை அடைந்தார்கள். கேனிக்கின் காரை ஓட்டியவர் சூசன் டிராவர்ஸ் என்ற ஆங்கிலப் பெண். பிற்பாடு லெஜியனில் முறைப்படி சேர்த்துக்கொள்ளப்பட்ட ஒரே பெண் அவர்தான்.

6 ஜூன்

நேற்றே எழுதியிருக்க வேண்டியது. முற்றுகை தொடங்கிய சில நாளில் பாலைவனத்திலிருந்து நடந்து வந்து சேர்ந்தவர்கள் அறுநூறு பேர் அளவில் இந்தியச் சிப்பாய்கள். மூன்றாவது இந்திய மோட்டார் பிரிகேட் மே 27 அன்று பக்கத்திலேயே நசுக்கப்பட்டது. பிடிபட்டவர்களுக்குத் தண்ணீர் கொடுக்க முடியாமல் எதிரி அவர்களைப் பாலைவனத்தில் அவிழ்த்துவிட்டான். நாக்கு வறண்டு வந்தவர்களுக்குப் பிர் ஹக்கீமின் அளந்து ஊற்றிய தண்ணீரில் பங்கு கொடுத்தார்கள். பிறகு லாரிகளில் பின்னால் அனுப்பினார்கள்.

தமிழ்ச் சிப்பாய்கள் அல்ல, வடக்கத்திய குதிரைப்படை ரெஜிமென்ட்கள். ஆனால் இந்தக் காட்சியை என்னால் தள்ளிவைக்க முடியவில்லை. பாங்கியிலிருந்து வந்தவன் தன் குடுவையிலிருந்து பஞ்சாபிலிருந்து வந்தவனுக்கு ஊற்றுகிறான். இருவரையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியது இரண்டு பேரரசுகள்.

6 ஜூன், மாலை

'டொப்ருக் எப்படியும் ஜூன் 21 அன்று விழுந்ததே, என்ன பயன்' என்கிறார் கேள்வி கேட்டவர். லிபியாவின் அந்தத் துறைமுகக் கோட்டை விழுந்தது, மறுக்கவில்லை. ஆனால் ரொம்மல் தெற்கே சுற்றிக்கொண்டு போன திட்டத்தில் அவருடைய லாரிகள் இந்த இடத்தைச் சுற்றித்தான் போயாக வேண்டும். முதல் ஓரிரண்டு நாளில் துடைத்துவிட நினைத்த இடம் இரண்டு வாரம் இழுத்தது. அந்த இரண்டு வாரம் பிரிட்டிஷாரின் எட்டாவது ராணுவத்துக்கு எவ்வளவு உதவியது என்பதில் வரலாற்றாசிரியர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. என் கணக்கில், ராணுவப் பயனைவிட அந்த வாரம் லண்டன் பத்திரிகைகளில் 'பிரெஞ்சுக்காரர்கள்' என்ற சொல் முதல் பக்கத்துக்கு வந்ததுதான் பெரிது.

9 ஜூன்

டிவிஷன் என்று மறுபடி பிறந்தது 1943 பிப்ரவரி 1. தளபதி லார்மினா. அதற்கு முன் அல் அலமைனில் ஒரு தோல்வி: 1942 அக்டோபர் 23 இரவு ஹிமெய்மாத் குன்றை ஏற முயன்று முடியாமல் திரும்பினார்கள். மறுநாள் லெஜியன் தளபதி அமிலாக்வாரி விழுந்தார். ஜார்ஜியாவிலிருந்து அகதியாக வந்த இளவரசர் குடும்பத்துப் பிள்ளை. பிரான்சுக்காக எகிப்தில் செத்தார்.

துனிசியாவில் 1943 மே மாதம் தக்ரூனா பக்கம் சண்டை. அங்கேதான் நேற்றுவரை விஷி கீழ் இருந்த பிரெஞ்சு ஆப்பிரிக்க ராணுவத்தைச் சந்தித்தார்கள். தூனிஸில் மே 20 வெற்றி அணிவகுப்பில் சுதந்திர பிரெஞ்சுக்காரர்கள் அந்த ராணுவத்தின் தலைவர் ஜிரோவின் படையோடு நடக்க மறுத்து, பிரிட்டிஷ் எட்டாவது ராணுவத்தோடு நடந்தார்கள். ஜிரோவின் படையிலிருந்து சிப்பாய்கள் இரவோடிரவாக இந்தப் பக்கம் ஓடிவந்தார்கள். விளைவு, தலைமை எரிச்சலடைந்து, ஜெயித்த டிவிஷனைத் தூக்கி லிபியாவின் மணலுக்கே திருப்பி அனுப்பியது. பெயரையும் மாற்றினார்கள்; காகிதத்தில் 'முதலாம் மோட்டார் காலாட்படை டிவிஷன்'. உள்ளே இருந்தவர்கள் ஒருவரும் அதைச் சொல்லவில்லை. கடைசிவரை அவர்கள் வாயில் 'டேயெஃபெல்'தான், சுதந்திர பிரெஞ்சு டிவிஷனின் மூன்று எழுத்துகள்.

அமைப்பிலும் ஒரு வித்தியாசம். மற்ற பிரெஞ்சு டிவிஷன்களில் ரெஜிமென்ட்கள். இவர்கள் பிரிட்டிஷாரிடமிருந்து எடுத்த மூன்று பிரிகேட் முறையை இத்தாலியிலும் விடவில்லை.

10 ஜூன்

இத்தாலி: 1944 ஏப்ரலில் வந்து, மே 11 இரவு கரிலியானோ ஆற்றில் தாக்குதல், லிரி ஆற்றின் ஓரமாகப் பொன்தெகோர்வோ, ரோம், வடக்கே ரதிகோஃபானி. பிர் ஹக்கீமில் இருந்த இரண்டு பேர் ஜூன் மாதம் சில நாள் இடைவெளியில் கண்ணிவெடியில் போனார்கள்: கடற்படைத் துப்பாக்கி வீரர்களின் அமியோ தென்வில், பீரங்கிப்படையின் லோரான்-ஷாம்புரோஸே. பிரான்ஸ் மண்ணைப் பார்க்க இன்னும் இரண்டு மாதம்தான் இருந்தது.

14 ஜூன்

இதை எழுதத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன்.

1944 ஆகஸ்டு 16 அன்று கவலேர் கரையில் இறங்கினார்கள். இயேர், தூலோன், செப்டம்பர் 3 அன்று லியோன். புர்கோஞ் பக்கம் நார்மண்டியிலிருந்து வந்த லெக்லேரின் டிவிஷனோடு கை குலுக்கினார்கள். பிறகு வோஜ் மலை அடிவாரம், குளிர், மழை. அங்கேதான் ஆப்பிரிக்க வீரர்களை வரிசையிலிருந்து எடுத்தார்கள். இந்த டிவிஷனில் மட்டும் சுமார் 6,000 பேர்.

பிரெஞ்சில் இதற்கு வைத்த பெயர் 'பிளான்ஷிமான்'. வெள்ளையாக்கல். நம் ஊரில் பொங்கலுக்கு முன் சுவருக்கு வெள்ளையடிப்போமே, கிட்டத்தட்ட அதே சொல். ஆனால் இங்கே அடித்தது மனிதர்கள் மேல்.

ஆப்பிரிக்கர் கழற்றிக் கொடுத்த மேல்கோட்டையும் தலைக்கவசத்தையும் துப்பாக்கியையும் உள்ளூர் மறைவுப் போராளி இளைஞர்கள் போட்டுக்கொண்டார்கள். பல இடங்களில் முன்வரிசையிலேயே நடந்தது. பட்டாலியன் எண் மாறவில்லை. கேமரூன் வீரர்களின் ஐந்தாம் பட்டாலியன் ஐந்தாம் பட்டாலியனாகவே இருந்தது, உள்ளே முகங்கள் மட்டும் வேறு. எடுக்கப்பட்டவர்கள் தெற்கே முகாம்களில் கப்பலுக்காகக் காத்துக்கிடந்தார்கள், சிலர் மாதக்கணக்கில்.

14 ஜூன், ஒரு மணி நேரம் கழித்து

குளிர் என்ற காரணத்தை நான் வெறும் சாக்கு என்று எழுதி அழித்தேன். நியாயமாக எழுத வேண்டும். வோஜ் குளிரில் காலில் உறைபனிக் காயம் பட்டவர்கள் நிறைய, அது உண்மை. மறைவுப் படை இளைஞர்களை எங்கேயாவது சேர்க்க வேண்டியிருந்தது, அதுவும் உண்மை. அமெரிக்கர்கள் கூடுதல் ஆளுக்குச் சாமான் தரவில்லை, ஆகவே ஒருவன் கழற்றினால்தான் இன்னொருவன் போட முடியும். எல்லாம் சரி. ஆனால் ஒதுக்கியது தோல் நிறத்தைப் பார்த்துத்தான். நார்விக்கின் பனியிலிருந்து கிளம்பிய லெஜியனை யாரும் குளிர் என்று எடுக்கவில்லை. விடுதலை பெறும் நாட்டில் விடுவிக்கிறவனின் முகம் எப்படி இருக்க வேண்டும் என்ற எண்ணம் உள்ளே இருந்தது.

15 ஜூன்

'அப்படித் திருப்பி அனுப்பியவர்களைத்தான் செனகலில் சுட்டுக் கொன்றார்கள்' என்று ஒரு நண்பர் சேர்த்திருக்கிறார். இல்லை, கலக்க வேண்டாம். 1944 டிசம்பர் 1 அன்று தியாராய் முகாமில் சுடப்பட்டவர்கள் 1940-ல் ஜெர்மானியர்களிடம் பிடிபட்டு, போர்க்கைதிகளாக இருந்து, விடுபட்டுத் திரும்பிய ஆப்பிரிக்கச் சிப்பாய்கள். சேர வேண்டிய சம்பளத்தைக் கேட்டார்கள். வேறு ஆட்கள், வேறு கொடுமை. அதே இலையுதிர்காலம் என்பது மட்டும்தான் பொது. அதைப் படுகொலை என்று பிரெஞ்சு அதிபர் எழுத்தில் ஒப்புக்கொள்ள 2024 நவம்பர் வரை ஆனது.

17 ஜூன்

பென்ஷன் பற்றிக் கேட்டவருக்கு.

நான் வளர்ந்த தெருவில் ஒரு சொல்தா வீடு இருந்தது. வெளியூர்க்காரர்களுக்காக: புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவரை 'சொல்தா' என்போம். சிப்பாய் என்பதன் பிரெஞ்சு. அந்தத் தாத்தா இந்தோசீனாவில் இருந்தவர். மாதாமாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்பும் கல்யாணமும் அதில்தான் நடந்தது. ஜூலை 14 அன்று பதக்கம் குத்திக்கொண்டு கடற்கரைப் போர் நினைவிடத்துக்கு நடந்து போவார்; எங்களுக்கு அது திருவிழா மாதிரி.

அதே பிரான்ஸ் 1959 டிசம்பரில் ஒரு சட்டம் போட்டு, விடுதலை பெற்ற காலனி நாடுகளின் குடிமக்களாகிவிட்ட பழைய வீரர்களின் பென்ஷனை அன்றைய தொகையிலேயே உறையவைத்தது. விலைவாசி ஏறியது, அவர்களுடையது ஏறவில்லை. 2000-க்குப் பிறகுதான் படிப்படியாகச் சரிசெய்தார்கள். அதற்குள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். எங்கள் தெருத் தாத்தாவுக்கு முழுத்தொகை வந்ததற்குக் காரணம் 1962-ல் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்தபோது அவர் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்டது. பாங்கிக்காரருக்கு அந்தத் தேர்வு கிடைக்கவில்லை. அந்த வீட்டு மாடியில் விளையாடியவன் நான். இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

18 ஜூன்

இன்று தெ கோலின் வானொலி அழைப்பின் ஆண்டுநாள். விட்டுப்போன ஒன்று நினைவுக்கு வந்தது.

டிவிஷனோடு பாலைவனத்திலிருந்து ஜெர்மன் எல்லைவரை ஒரு நடமாடும் ஆஸ்பத்திரி வந்தது: ஹாட்ஃபீல்ட்-ஸ்பியர்ஸ் ஆம்புலன்ஸ். நடத்தியவர் மேரி போர்டன், பிரிட்டிஷ் ஜெனரல் ஸ்பியர்ஸின் மனைவி. 1945 ஜூன் 18 அன்று பாரிஸ் அணிவகுப்பில் அவர்களுடைய வண்டிகளில் பிரெஞ்சுக் கொடியோடு பிரிட்டிஷ் கொடியும் இருந்தது. தெ கோல் அதைப் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரியையே கலைக்க உத்தரவிட்டார். நாலு வருடம் காயம் கட்டியவர்களுக்குக் கிடைத்த பிரிவுபசாரம் அது. தெ கோல் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த விஷயத்தில் இல்லை.

19 ஜூன்

தளபதி புரோஸ்ஸே பற்றி எழுதவே இல்லை என்று கண்டித்திருக்கிறார்கள். சரிதான். 1943 ஆகஸ்டு முதல் அவர்தான் தளபதி. ஜீப்பைத் தானே ஓட்டுவார், கண்மண் தெரியாத வேகத்தில், முன்வரிசையின் குழிக்குழியாக. 1944 நவம்பர் 20, பெல்ஃபோர் பக்கம் தாக்குதல் மும்முரத்தில், ஷாம்பாஞே அருகே அவர் ஜீப் ராஹேன் ஆற்றில் கவிழ்ந்தது. கூட இருந்த துணை அதிகாரி, நடிகர் ழான்-பியேர் ஒமோன், தப்பினார். கார்பே பொறுப்பேற்றார்.

ஜனவரியில் ஸ்ட்ராஸ்பூருக்குத் தெற்கே ஒபென்ஹைம் கிராமத்தில் 24-ஆம் பட்டாலியன் சுற்றிவளைக்கப்பட்டு, நான்கைந்து நாள் தாக்குப்பிடித்து, ஜனவரி 11 வாக்கில் அழிந்தது. பட்டாலியன் பழையது, ஆட்களில் மிகப் பலர் இலையுதிர்காலத்தில் சேர்ந்த பையன்கள். வெள்ளையாக்கலைத் திட்டும்போது இந்தப் பையன்களைக் குறைத்துப் பேசிவிடக் கூடாது என்று இதை எழுதுகிறேன். ஆப்பிரிக்கரின் மேல்கோட்டை வாங்கிப் போட்டுக்கொண்ட சில மாதத்தில் பனியில் கிடந்தார்கள்.

கடைசிச் சண்டை நீஸுக்கு வடக்கே ஒத்தியோன் மலையில், 1945 ஏப்ரல் 10 முதல். சுமார் 270 பேர் இறந்தார்கள். ஜெர்மனி விழ நான்கு வாரம்தான் பாக்கி. இத்தாலி எல்லைக்காகப் பிடித்த மலை அது. தாந்த், லா பிரீக் ஊர்கள் 1947-ல் பிரான்சுக்கு வந்தன. ஜெர்மனிக்குள் நுழையும் படையில் தங்களைச் சேர்க்கவில்லையே என்ற மனவருத்தம் அந்த வீரர்களுக்குக் கடைசிவரை இருந்தது.

22 ஜூன்

முதல் கேள்வி கேட்டவர் 'ஒப்புக்கொள்கிறேன், ஆனால் இது பிரெஞ்சு டிவிஷனே இல்லை போலிருக்கிறதே' என்று எழுதியிருக்கிறார். இருபது நாளாக எழுதி நான் இந்த இடத்துக்குத்தான் வந்தேனா என்று யோசித்தேன். இல்லை. 1940-ல் பிரான்ஸ் என்ற பெயரைத் தரையில் போட்டவர்கள் அதில் பிறந்தவர்கள். எடுத்துத் தூக்கியவர்களில் முக்கால்வாசி பேர் அந்த மண்ணைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்கு அந்தப் பெயர் சொந்தமில்லை என்றால் வேறு யாருக்கு?

'முக்கால்வாசி' என்று வேகத்தில் எழுதிவிட்டேன். முதல் இரண்டு வருடத்துக்குப் 'பெரும்பகுதி' என்று வாசியுங்கள்.

23 ஜூன்

பிர் ஹக்கீமில் இருந்தவர்களில் யாராவது அண்மைவரை உயிரோடு இருந்தார்களா என்று கேட்டவருக்கு: உபேர் ஜெர்மேன். லெஜியனில் அங்கே நின்றவர். தெ கோல் ஏற்படுத்திய விடுதலைத் தோழர் பட்டம் பெற்ற 1,038 பேரில் கடைசியாக மிஞ்சியவர். 2021 அக்டோபர் 12 அன்று போனார், பாரிஸ் அருகே உள்ள மோன்-வலேரியன் நினைவிடத்தில் அடக்கம் செய்தார்கள்.

பசிபிக்காரர்கள் என்ன ஆனார்கள் என்றும் கேட்டிருந்தீர்கள். 1941 மே 5 அன்று நியூ கலிடோனியாவின் நூமேயாவில் கப்பலேறியவர்கள் அவர்கள். ஆப்பிரிக்கர்களைப் போலவே அவர்களையும் 1944 குளிர்காலத்தில் வரிசையிலிருந்து எடுத்தார்கள். போர் முடிந்தும் ஊருக்குக் கப்பல் கிடைக்கவில்லை. ஒரு வருடம் காத்திருந்தார்கள். சஜித்தேர் என்ற கப்பல் 1946 மே மாதம் முதலில் தாஹித்தியின் பப்பேத்தே துறையிலும் பிறகு நூமேயாவிலும் அவர்களை இறக்கியது. கிளம்பி ஐந்து வருடம் ஆகியிருந்தது.